நாற்பத்தேழு நாள் அணையாத கம்ப்யூட்டர்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆயக்குடியில் கொய்யாத் தோப்புக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்த காலத்திலிருந்தே அப்படித்தான். "ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு" என்று அம்மா நாளைக்கு நாலு தடவை சொல்வாள். கல்யாணமாகி மலையேறி வந்து, கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகப் பதினான்கு வருஷம் ஓடிவிட்டது. குளிர் பழகிவிட்டது, கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் கோபத்தில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் லேபில் இருபது கம்ப்யூட்டர்கள். மழை மாதங்களில் மேகம் ஜன்னல் வழியாக வந்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தலையணை உறைபோலத் தைத்த துணி உறை உண்டு. இருபதுக்கும் இன்டர்நெட் கிடையாது, அது பள்ளியை நடத்துகிற பெரிய சிஸ்டரின் கட்டளை. நான் குடியிருப்பது பெருமாள்மலையில். நாலு மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. பிள்ளைகள் ஐந்து மணிவரை இருந்து பழகுவார்கள். ஆகவே மாலையில் லேபை அடைக்கிற சோலி என்னுடையது இல்லை. அது ஆயாம்மாவுடையது.

ஆயாம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் பெற்றோருடன் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் ஆயாம்மா, எனக்கு மட்டும் அக்கா. லேப் இருக்கும் கட்டடத்தின் சாவிக் கொத்து அவரிடம்தான். லேபுக்குப் பின்னாலேயே ஒற்றை அறை, அடுப்படி, ஒரு குழாய். சாவி வைத்திருப்பவருக்குத்தான் அந்த அறை என்பது பள்ளி வழக்கம். அவருக்கு உலகத்தில் வேறு வீடு இல்லை.

அவர் கம்ப்யூட்டரை அணைக்கும் விதத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இங்கிலீஷ் தெரியாது, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் இடம் தெரியும். கீழே இடது மூலை, அதற்கு மேலே வட்டக் குறி, அதில் வரும் மூன்று வரிகளில் ஷட் டவுன் என்ற நடுவரி. அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விட மாட்டார். பெட்டியின் பச்சை விளக்கு போகும்வரை நிற்பார். விசிறிச் சத்தம் அடங்கியதும் பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகுதான் உறை. இருபதும் முடிந்தபின் க்ளோசிங் ரெஜிஸ்டரில் தேதிக்கு நேரே கையெழுத்து. அதைப் போட அரை நிமிஷம் எடுத்துக்கொள்வார்.

"எதுக்குக்கா கைய வெச்சுப் பாக்குறீங்க? அதுக்கென்ன காய்ச்சலா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சூடு குறையுதான்னு பாக்கணும்ல டீச்சர். வெளக்க நம்ப முடியாது" என்றார்.

போன வருஷம் அரையாண்டுத் தேர்வு நெருங்கிய நேரம். கம்ப்யூட்டர்கள் எல்லாம் தள்ளாட ஆரம்பித்தன. ஒரு ஃபைலைத் திறக்கச் சொன்னால் யோசித்து, பெருமூச்சு விட்டு, அப்புறம் திறந்தன. ஒரு திங்கட்கிழமை காலை, என்னதான் கேடு என்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். அதில் ஒரு மூலையில், இந்தக் கம்ப்யூட்டர் கடைசியாகத் தொடங்கி எவ்வளவு நேரமாகிறது என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். நாற்பத்தேழு நாள் என்று போட்டிருந்தது.

நாற்பத்தேழு நாளா! அடுத்ததைத் திறந்தேன். நாற்பத்தேழு. மூன்றாவதும் அதுவே. இருபதும் சொல்லிவைத்தாற்போல ஒரே கணக்கு. இருபதும் ஏன் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும் என்று அப்போதே ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் பிழைத்திருப்பேன். எங்கே யோசித்தேன்! எனக்குத்தான் அதற்குள் தலைக்கேறிவிட்டதே. ரெஜிஸ்டரை எடுத்துப் புரட்டினேன். அந்த நாற்பத்தேழு நாளில் ஞாயிறும் விடுமுறையும் போக முப்பத்தெட்டு மாலைகள். முப்பத்தெட்டிலும் அரை நிமிஷக் கையெழுத்து, அழகாக.

சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில் "பொய்" என்று எழுதினேன். ஆமாம், முப்பத்தெட்டுத் தடவை. பாதியிலாவது கை நின்றதா என்றால், இல்லை.

ரெஜிஸ்டரோடு நேரே ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். இடைவேளை நேரம். பெரிய சிஸ்டரும் இருந்தார், ஆயாம்மா டீ கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் முன்னாலும் ரெஜிஸ்டரை மேசைமேல் போட்டேன்.

"என்னக்கா இது? ஒன்றரை மாசமா ஒரு நாள்கூட நீங்க கம்ப்யூட்டர ஆஃப் பண்ணலை. கையெழுத்து மட்டும் தெனமும் போட்டிருக்கீங்க."

அவர் டீத் தட்டைக் கீழே வைத்தார். "அணைச்சேங்க டீச்சர். தெனமும் அணைச்சேன். கைய வெச்சுப் பாத்துட்டுத்தான் உறையப் போட்டேன்."

"அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா? மனுசங்கதான் பொய் சொல்லுவாங்க, மெஷின் சொல்லாது."

"எனக்கு மெஷினப் பத்தித் தெரியாதுங்க. நான் அணைச்சேன்."

பெரிய சிஸ்டர் சத்தம் போடுகிறவர் இல்லை. லேபுக்கு வந்து இரண்டு கம்ப்யூட்டரில் அந்த எண்ணைத் தானே பார்த்தார். மத்தியானம் சாவிக் கொத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சனிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்துவிட்டு, ஹாஸ்டல் சமையல்கட்டு வேலைக்குப் போய், சமையல்காரர்களோடு ஹாலில் படுத்துக்கொள்ளச் சொன்னார். ஆயாம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுவும் எனக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் தோன்றியது.

அன்று மாலை லேபை அடைக்கிற சோலி என் தலையில் விழுந்தது. பஸ் போனால் போகட்டும் என்று நானே இருபதையும் அணைத்தேன். மூலை, வட்டம், நடுவரி. பச்சை விளக்கு போனதைப் பார்த்தேன். சரியாக அணைப்பது எப்படி என்று ஊருக்குக் காட்டப்போகிறவளின் மிதப்பு எனக்கு.

செவ்வாய் காலை வந்து ஒன்றைத் தொடங்கி, அந்தக் கணக்கைத் திறந்தேன். நாற்பத்தெட்டு நாள்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நாற்பத்தெட்டுதான். என் கையால் அணைத்தது! ஆனாலும் கோபக்காரிக்கு அவ்வளவு சுலபமாகப் புத்தி வருமா? நான் போன பிறகு யாரோ மறுபடி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டேன். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த குரங்கைக்கூட ஒரு பார்வை பார்த்தேன்.

சாயங்காலம் மறுபடி இருபதையும் அணைத்தேன். யூபிஎஸ்ஸை அணைத்தேன். மெயின் சுவிட்சை இறக்கினேன். அதோடு விட்டேனா, லேபின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டில் சாப்பாட்டு டப்பாவோடு அதையும் எடுத்து வெளியே வைத்தபோது, என் வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்கூல் கரண்ட்ட வீட்டுக்கே எடுத்துட்டு வந்துட்டியா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தம்மா நெசத்தத்தான் சொல்லியிருந்தா என்ன பண்ணுவ?" என்று மட்டும் கேட்டார். ரசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

புதன்கிழமை வெள்ளனவே போய் ஃபியூஸ் கட்டையைச் செருகினேன். மெயினைப் போட்டு, ஒரு கம்ப்யூட்டரை எழுப்பிக் கணக்கைத் திறந்தேன். நாற்பத்தொன்பது நாள்.

இதென்ன கூத்து! கரண்டே இல்லாமல் கிடந்த பெட்டி, ஃபியூஸ் கட்டை பெருமாள்மலையில் என் அடுப்படியில் கிடக்க, நான் தூங்கவே இல்லை என்கிறது. ஆயாம்மா அணைத்தது நிஜம் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. உட்கார்ந்து அழுதேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அழவில்லை. அடக்கமாட்டாத ஓர் ஆவல்தான் வந்தது. அணைந்த பின்னும் அணையவில்லை என்று சொல்கிற இது, அப்படியானால் எதைத்தான் அணைதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது?

கறுப்பு ஜன்னலைத் திறந்தேன். கமாண்ட் ப்ராம்ப்ட் என்று பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நடத்துகிறேனே, அதே பாடம்தான். படம், பட்டன் எதுவும் இருக்காது, கறுப்பில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டும். அதில் அணைப்பதற்கான கட்டளையை அடித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அந்தக் கட்டளையால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று அது தானே பட்டியல் போட்டுச் சொன்னது. பதினான்கு வருஷத்தில் அந்தப் பட்டியலை நான் கடைசி வரி வரைக்கும் படித்ததே இல்லை. பரீட்சைக்கு வருகிற நாலு வரியோடு நிறுத்திவிடுவேன்.

சாய்கோடு போட்டு s என்றால் அணை. r என்றால் அணைத்து மறுபடி தொடங்கு. t போட்டு ஓர் எண் கொடுத்தால் அத்தனை விநாடி பொறுத்துச் செய். a என்றால், சொன்னதை விட்டுவிடு, வேண்டாம். விளையாட்டாக ஒரு மணி நேரம் தவணை கொடுத்து அணையச் சொன்னேன். இன்னும் அறுபது நிமிஷத்தில் அணையப்போகிறேன் என்று திரையில் பலகை வந்தது. a என்று அடித்தேன். சரி, ரத்து என்றது. ஸ்டாஃப் ரூமில் நான் சொன்னதற்கும் இப்படி ஓர் எழுத்து இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தபோதுதான் எனக்கு முதல்முதலாக அழுகை முட்டியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே படித்தேன். நடுவில் ஒரு வரி. hybrid என்ற சொல்லைச் சேர்த்தால், கம்ப்யூட்டரை அணைத்து, அடுத்த தடவை வேகமாகத் தொடங்குவதற்கு அதைத் தயார் செய்து வைக்கும் என்று இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்படியானால் அணைப்பதில் இரண்டு வகை இருக்கிறது. தயார் செய்து வைத்துவிட்டு அணைவது ஒன்று, ஒன்றும் வைக்காமல் அணைவது ஒன்று. நடுவரியை அழுத்தும்போது நடப்பது எது?

மூன்று கம்ப்யூட்டர்களை எடுத்துக்கொண்டேன். ஒன்றை வழக்கம்போல நடுவரி அழுத்தி அணைத்தேன். இரண்டாவதில் கறுப்பு ஜன்னலில் shutdown /s /t 0 என்று அடித்தேன். மூன்றாவதற்கு s இருக்கும் இடத்தில் r. மூன்றாவது அணைந்து, தானே எழுந்தது. கணக்கைத் திறந்தேன். நாற்பத்தொன்பது நாளும் காணோம், ஒரு நிமிஷம் என்று நின்றது. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. மறுநாள் காலை மற்ற இரண்டையும் போட்டேன். நடுவரியால் அணைத்தது ஐம்பது நாள் என்றது. கட்டளையால் அணைத்தது இரண்டு நிமிஷம் என்றது.

விஷயம் இவ்வளவுதான். நடுவரியை அழுத்தினால் அது திறந்திருக்கும் வேலைகளையெல்லாம் மூடிவிடும். ஆனால் தன்னை இயக்குகிற உள் பகுதியை மட்டும், இருந்தது இருந்தபடி டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் கரண்டை விடும். மறுநாள் புதிதாகத் தொடங்காது. எழுதி வைத்ததை எடுத்துப் படித்து, விட்ட இடத்திலிருந்து எழுந்துகொள்ளும். அதனால்தான் வெரசா எழுகிறது, நடுவில் இருந்த இரவும் அதன் கணக்கில் விழித்திருந்த நேரமாகச் சேர்ந்துகொள்கிறது. நாள்பட்ட தள்ளாட்டத்துக்கும் அதுவே காரணம். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதுதான். மேலே தொட்டால் சுடாது. உள்ளே கிடக்கும். ஆயாம்மாவின் உள்ளங்கை சொன்னதும் சரி, அந்த எண் சொன்னதும் சரி. இரண்டுக்கும் நடுவில் நின்று கத்தியவள் மட்டும்தான் தப்பு.

தேர்வு ஹாலில் கரும்பலகை ஓரத்தில் "தீர விசாரிப்பதே மெய்" என்று வருஷா வருஷம் அழகாக எழுதுகிறவள் நான். வெட்கக்கேடு!

வியாழக்கிழமை பெரிய சிஸ்டர் அறைக்குப் போனேன். பாவசங்கீர்த்தனக் கூண்டில் ஃபாதரிடம் சொல்வதுகூடச் சுலபம், அங்கே முகம் தெரியாது. ஃபியூஸ் கட்டையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுமுடித்துவிட்டு, "அன்னிக்கு எங்க வெச்சுச் சொன்னீங்க?" என்றார்.

"ஸ்டாஃப் ரூம்ல, சிஸ்டர்."

"இதையும் அங்கேயே சொல்லுங்க."

சொன்னேன். இடைவேளையில் ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து, அணைத்து, எழுப்பி, எண்ணைக் காட்டினேன். "அக்கா தெனமும் அணைச்சாங்க. நான்தான் பொய் சொன்னேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பெரிய சிஸ்டர் சாவிக் கொத்தை ஆயாம்மாவிடம் நீட்டினார், அறை அவருக்கே என்றார். ஆயாம்மா வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "நோட்டுல எழுதியிருக்கீங்களே டீச்சர், அது?" என்றார்.

அந்த ரெஜிஸ்டர் பைண்டு போட்டது, பக்க எண் அடித்தது. தாளைக் கிழிக்க முடியாது.

"நான் செத்த பொறவும் அது அங்கனதான கெடக்கும்" என்றார். "பின்னால வாரவுக படிச்சா, பொய்யின்னுதான படிப்பாக."

வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகள் போனபின் இருவரும் லேபில் உட்கார்ந்தோம். அதற்கு முன்பே இருபது கம்ப்யூட்டரிலும் அந்தக் கட்டளையை ஒரு சின்ன ஃபைலில் எழுதி, திரையின் நடுவில் வைத்திருந்தேன். இரண்டு தட்டு தட்டினால் போதும், நீறு நெருப்பு இரண்டும் போய்விடும். ஆயாம்மா ஒன்றில் தட்டிப் பார்த்தார். அணைந்தது. பெட்டியின் முதுகில் கையை வைத்தார். "முன்ன மாதிரியேதான் இருக்கு" என்றார்.

பிறகு ரெஜிஸ்டர். ஒவ்வொரு "பொய்"யையும் நான் கோடு போட்டு அடித்து, "என் தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆயாம்மா எதிரில் உட்கார்ந்து, ஸ்கேலைக் கீழிருந்து மேலாக வரி வரியாக நகர்த்திக்கொண்டே வந்தார். ஒன்றையும் தாண்டவிடவில்லை. கடைசியாக அடித்தது முதலில் எழுதியது, ஒன்றரை மாசத்துக்கு முந்தைய புதன்கிழமை. அவ்வளவுதான் என்று பேனாவை மூடினேன்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க" என்றார். ஸ்கேலை ஒரு வரி மேலே ஏற்றினார். அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை. அங்கே அவர் கையெழுத்து மட்டும் இருந்தது, சிவப்பு மை எதுவும் இல்லை.

"இதுல நான் ஒண்ணும் எழுதலையேக்கா."

"எழுதலதான். எழுதியிருக்கணும். இது அந்தப் பெரிய காத்தடிச்ச நாளு, யூக்கலிப்டஸ் மரம் கம்பி மேல விழுந்துச்சே. நீங்க பஸ்ஸுக்குப் போயிட்டீங்க. நான் ஜன்னலச் சாத்திட்டு வாரதுக்குள்ள கரண்டு போயிருச்சு. கொஞ்சம் சுணங்கிட்டேன். அந்தப் பேட்டரியும் கத்திட்டு நின்னுருச்சு. இருபதும் தானாத்தான் அணைஞ்சுச்சு, ஒண்ணையும் நான் தொடல. ஆனா நான் அணைச்சதாக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

நான் விரல் விட்டு எண்ணினேன். அந்தச் செவ்வாய்க்கு மறுநாள் புதன் காலை. அதிலிருந்து நான் சிவப்புப் பேனா எடுத்த திங்கள் வரை நாற்பத்தேழு நாள். கரண்ட் பட்டென்று போனதால், எதையும் எழுதி வைக்க நேரமில்லாமல், இருபதும் ஒன்றாக முழுசாக அணைந்திருக்கின்றன. அதனால்தான் இருபதும் ஒரே எண்ணைச் சொல்லியிருக்கின்றன. அவர் ஒவ்வொன்றாகக் கைவைத்து அணைத்த முப்பத்தெட்டு நாளையும் கணக்கில் சேர்க்காத அது, அவர் அணைக்காத அந்த ஒரே நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது.

"அங்க எழுதுங்க டீச்சர்" என்று சிவப்புப் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"வேண்டாம்க்கா. அது யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

எனக்குக் கை வரவில்லை. அவர் ரெஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பேனாவை எடுத்து, கீழ் வரியில் நான் அடித்திருந்த என் எழுத்தையே பார்த்துப் பார்த்து, தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் "பொய்" என்று எழுதினார். அதற்கும் அரை நிமிஷம் ஆயிற்று. மையை ஊதிக் காயவிட்டு ரெஜிஸ்டரை மூடிவிட்டு, மிச்சமிருந்த பத்தொன்பது கம்ப்யூட்டர்களை அணைக்க எழுந்து போனார்.